ஆமை ஏன் சுவரில் மோதியது?

இரண்டு சக்கரமும் முன்புறம் ஒரு தூர உணரியும் கொண்ட சிறிய ரோபோ ஒன்றுக்குப் பத்து வயதுப் பிள்ளை இரண்டே வரியில் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முன்னால் சுவர் தெரிந்தால் நில் என்பது முதல் வரி. முன்னால் போ என்பது இரண்டாம் வரி. பொத்தானை அழுத்தியதும் ரோபோ புறப்படுகிறது, நேராகப் போகிறது, சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே சக்கரத்தைச் சுழற்றுகிறது. பிள்ளைக்கு இது அநியாயமாகப் படும். சுவர் தெரிந்தால் நில் என்று முதல் வரியிலேயே எழுதியாகிவிட்டதே! உணரி பழுதா, ஒயர் கழன்றுவிட்டதா என்று தேடத் தொடங்கும். இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. ரோபோ முதல் வரியை ஒரே ஒரு முறை, புறப்படுவதற்கு முன்னால் படித்தது. அப்போது சுவர் வெகு தூரத்தில் இருந்தது. நிற்கத் தேவையில்லை என்று அடுத்த வரிக்குப் போய்விட்டது. அங்கே போகச் சொல்லியிருக்கிறது, போனது. ஒரு மனிதரிடம் "வண்டி வந்தால் நில்" என்று சொன்னால், தெருவைக் கடந்து முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இயந்திரத்திடம் அந்தக் "கொண்டே" என்பதையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

இந்தப் பிழை ஒரு பிள்ளையின் கவனக்குறைவால் வருவதில்லை. உலகெங்கும் நிரலாக்கம் பழகுகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படுவது. அமெரிக்க ஆய்வாளர் ராய் பீ 1986இல் எழுதிய கட்டுரையில், தொடக்கநிலை மாணவர்களின் தவறுகளில் எந்தக் கணினி மொழியையும் சாராத மூன்று வகைகளைப் பிரித்துக் காட்டினார். நிரலின் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் என்று எண்ணுவது முதல் வகை. சுவரில் மோதிய ரோபோ இதற்கு உதாரணம். நிரலுக்குத் தான் எங்கே போகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும் என்று எண்ணுவது இரண்டாவது. எழுதாமல் விட்டதையும் கணினி ஊகித்து நிரப்பிக்கொள்ளும் என்று எண்ணுவது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒரே வேர்தான் என்றார் பீ: இயந்திரத்துக்குள் நம்மைப் போல நினைக்கிற மனம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கை. அதற்கு அவர் மாபெரும் பிழை என்று பொருள்படும் பெயர் சூட்டினார். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. பேச்சு என்பதே சொல்லாததையும் புரிந்துகொள்கிற ஒருவரிடம் பேசுவதுதான். பிறந்ததிலிருந்து பழகிய அந்தப் பழக்கத்தைக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் கழற்றி வைப்பது எளிதல்ல.

நிரலாக்கக் கல்வியின் முதல் வேலை இந்த நம்பிக்கையைக் கலைப்பது என்று ஒப்புக்கொண்டால், எந்தக் கருவியைப் பிள்ளை கையில் கொடுப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. உள்ளே யாரும் இல்லை என்பதைத் திறந்து காட்டுமளவு சிறிய கணினி ஒன்று வேண்டும். கட்டளைக்கும் விளைவுக்கும் இடையே விழும் இடைவெளியைக் கண்ணால் பார்த்து, அளவுகோலால் அளக்க வைக்கும் ரோபோ ஒன்று வேண்டும். கணினி சொன்னதை இம்மி பிசகாமல் செய்யும் என்பதை முதலாவது கற்பிக்கும். உலகம் அப்படி நடந்துகொள்ளாது என்பதை இரண்டாவது கற்பிக்கும். நிரலாக்கம் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நடக்கும் வேலை. பொழுதுபோக்கு ரோபோவும் நாற்பது ஆண்டுக்கு முந்தைய கணினியும் வகுப்பறையில் இடம் பெற வேண்டும் என்றால் அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க முடியும். பிள்ளைகளுக்குக் குதூகலமாக இருக்கும், பெரியவர்களுக்குப் பழைய நினைவு வரும் என்பவை உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு பாடத்திட்டத்தை அவற்றின் மேல் கட்ட முடியாது.

ரோபோவிலிருந்து தொடங்குவோம். 1967இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், பி.பி.என். என்ற ஆய்வு நிறுவனத்தில், சீமோர் பாப்பெர்ட், வாலி ஃபெர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் பிள்ளைகளுக்கென்றே லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்த பாப்பெர்ட் கணிதவியலர். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். லோகோ முதலில் சொற்களையும் எண்களையும் கையாளும் மொழியாகத்தான் இருந்தது. சில ஆண்டுகளில் எம்.ஐ.டி.யில் அதற்கு ஓர் உடல் கிடைத்தது: வயிற்றில் பேனா பொருத்திய, தரையில் ஊரும் இயந்திர ஆமை. ஆமை என்ற பெயருக்கு முன்னோடி இருந்தது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்டர் 1940களின் இறுதியில் எல்மர், எல்சி என்ற இரண்டு ஆமைகளைச் செய்திருந்தார். வெளிச்சத்தை நாடிப் போவதும், முட்டினால் விலகிப் போவதுமாக, இரண்டே வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அவை காட்டிய நடத்தை உயிருள்ளதுபோல் தோன்றியது. உள்ளே மனம் இல்லாமலே மனம் இருப்பதுபோன்ற தோற்றம் எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லோகோ ஆமைக்கு முன்னே போ 100, வலப்பக்கம் திரும்பு 90 என்பதுபோன்ற கட்டளைகள் போதும். அதற்கு எக்ஸ் அச்சும் தெரியாது, ஒய் அச்சும் தெரியாது; தன் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஒரு அடி போ, ஒரு டிகிரி திரும்பு என்று 360 முறை சொன்னால் வட்டம் வந்துவிடும். பை (π) என்ற எண்ணின் மதிப்பு வேண்டியதில்லை. புள்ளியைச் சுற்றிக் கம்பி வளைத்துக் கோலம் போடுகிறவர் கையும் இப்படித்தான் யோசிக்கிறது. கோலத்தை இலக்கண விதிகளின் தொகுதியாகக் கணினியியல் நோக்கில் விளக்கும் ஆய்வைச் சென்னையில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் தம் சக ஆய்வாளருடன் 1974இலேயே வெளியிட்டார்கள். ஆமையின் உண்மையான பலம் பிழையில் வெளிப்படும். சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் ஒவ்வொரு முனையிலும் 60 டிகிரி திரும்பச் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் அந்தக் கோணம் 60 என்றுதானே இருக்கிறது. ஆமை வரைவதோ அறுகோணத்தில் பாதி. எங்கே தவறு என்பதைக் கண்டுபிடிக்கப் பிள்ளை எழுந்து தானே ஆமையாக நடந்து பார்க்கலாம். முனையில் நின்று உடம்பைத் திருப்பும்போதுதான், திரும்புகிற கோணம் முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும் 60 அல்ல, வெளியே இருக்கும் 120 என்பது காலுக்குப் புரியும். கணிதத்தை உடலால் சரிபார்க்கலாம் என்ற இந்தக் கருத்தே பாப்பெர்ட் 1980இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் அடித்தளம். லீகோ நிறுவனம் 1998இல் கொண்டுவந்த ரோபோத் தொகுதி அந்த நூலின் பெயரையே சூட்டிக்கொண்டது.

திரையில் ஊரும் ஆமைக்கு 90 என்றால் 90தான். தரையில் ஊர்கிற ஆமைக்கு 90 என்பது ஒரு விருப்பம் மட்டுமே. ஒவ்வொரு திருப்பத்திலும் சக்கரம் லேசாக வழுக்கி 87 டிகிரிதான் திரும்புகிறது என்று கொள்வோம். மூன்று டிகிரி கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைச் சுற்றி வந்து நிற்கும்போது, புறப்பட்ட புள்ளியிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி, 12 டிகிரி கோணலாக நிற்கும். சக்கரங்களுக்கு இடையே 15 சென்டிமீட்டர் இருக்கும் ரோபோவில் ஒரு சக்கரம் மற்றதைவிட நூற்றில் ஒரு பங்கு பெரிதாக இருந்துவிட்டால், நேராகப் போ என்ற கட்டளைக்கே அது ஒரு மீட்டருக்குள் ஏறக்குறைய நான்கு டிகிரி வளைந்து, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். பேட்டரி இறங்கினால் வேகம் குறையும். சிமெண்டுத் தரையில் சரியாக இருந்த எண்ணிக்கை ஜமுக்காளத்தில் தவறும். நிரலில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. ஆனாலும் விளைவு பிழை. இந்த இடத்தில் பிள்ளைக்கு இரண்டு வழி உண்டு. 90 என்று இருப்பதை 93 என்று மாற்றி ஒப்பேற்றலாம். தரை மாறியதும் அது பல்லிளிக்கும். அல்லது எவ்வளவு திரும்பினோம் என்பதை ரோபோவே அளந்து, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் திரும்பும்படி எழுதலாம். அளந்துகொண்டே, திருத்திக்கொண்டே போவது. பொறியியலில் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பெயர் பெற்ற கருத்து. முதல் பத்தியில் விடுபட்ட அதே "கொண்டே"தான் இங்கே விடையாகத் திரும்பி வருகிறது.

இனி கணினிக்கு வருவோம். பிரிட்டனில் பி.பி.சி. தொடங்கிய கணினி எழுத்தறிவுத் திட்டத்துக்காக ஏகார்ன் நிறுவனம் தயாரித்த பி.பி.சி. மைக்ரோ 1981 டிசம்பரில் வந்தது. சுமார் 12,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 15 லட்சத்தைத் தாண்டியது. சுவிட்சைப் போட்டதும் சோஃபி வில்சன் எழுதிய பேசிக் மொழி கட்டளைக்குக் காத்திருக்கும். நிரல் எழுத எதையும் நிறுவ வேண்டியதில்லை. மேம்பட்ட வகையில் நினைவகம் 32 கிலோபைட். இன்றைய போன் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல நூறு மடங்கு இடம் கேட்கும். அந்த 32இல் திரையில் தெரியும் படமும் நிரலும் ஒரே வீட்டில் குடியிருந்தன. அதிக வண்ணம் காட்டும் முறையைத் தேர்ந்தால் திரைக்கே 20 கிலோபைட் போய்விடும். எழுத்து மட்டும் காட்டும் முறைக்கு ஒரு கிலோபைட் போதும். வண்ணம் வேண்டுமா, நீளமான நிரல் வேண்டுமா என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டியிருந்தது. நினைவகம் என்பது விளம்பரத்தில் வரும் எண்ணாக இல்லாமல், கையில் இருக்கும் காசுபோல் செலவாகிற பொருளாகத் தெரிந்தது. உள்ளே இருந்த 6502 செயலிக்கு ஆணைகள் 56தான். சில ஆயிரம் டிரான்சிஸ்டர்களால் ஆன அதை ஆர்வமுள்ள ஒரு மாணவர் முழுதாகப் புரிந்துகொண்டுவிட முடியும். பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் கொண்ட இன்றைய போன் செயலியை முழுதாகப் புரிந்தவர் என்று தனியொரு பொறியாளரைக்கூடக் காட்ட முடியாது.

இந்தச் சிறுமையின் மதிப்பைப் பழைய பாசம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி ஓர் ஆய்வு மரபே இருக்கிறது. பெனடிக்ட் டு புலே, டிம் ஓஷே, ஜான் மாங்க் ஆகிய மூவரும் 1981இல் எழுதிய கட்டுரை, கற்பவருக்குக் கணினியின் உள்வேலை கண்ணாடிப் பெட்டிக்குள் நடப்பதுபோல் தெரிய வேண்டும் என்று வாதிட்டது. மின்சுற்று மட்டம்வரை தெரிய வேண்டியதில்லை; தான் எழுதும் வரியை எது படிக்கிறது, எந்த வரிசையில் படிக்கிறது, மதிப்பை எங்கே வைக்கிறது என்ற எளிய சித்திரம் ஒன்று போதும். ஏறக்குறைய அதே காலத்தில் ரிச்சர்ட் மேயர் நடத்திய சோதனைகளில், நினைவகத்தை எழுதி அழிக்கும் பலகையாகவும், உள்ளீட்டைச் சீட்டு விற்கும் சாளரமாகவும் காட்டும் மாதிரியை முதலிலேயே பார்த்தவர்கள், பாடத்தில் வராத புதிய கணக்குகளில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பழைய கணினியில் இந்தச் சித்திரமும் உண்மையான இயந்திரமும் கிட்டத்தட்ட ஒன்று. வரி எண் 10, அடுத்தது 20, திரும்பிப் போ 10 என்பதற்கு மேல் அங்கே மறைவாக எதுவும் நடப்பதில்லை. இன்றைய மடிக்கணினியில் அதே சித்திரத்துக்கும் நிஜத்துக்கும் இடையே இயங்குதளம், உலாவி, வலையமைப்பு என்று அடுக்கடுக்காகத் திரை விழுந்திருக்கிறது.

பழைய கணினியை வகுப்பறைக்குக் கொண்டுவரச் சொல்வது நாற்பதைத் தாண்டியவர்களின் ஏக்கம் என்பது முதல் ஆட்சேபம். பழைய பொருள் என்பதற்காகப் போற்றினால் ஆட்சேபம் சரிதான். ஆனால் அடுத்து நடந்த வரலாறு வேறு கதை சொல்கிறது. பிரிட்டன் பள்ளிகளில் நிரலாக்கம் படிப்படியாக ஒதுங்கி, ஆவணம் தட்டச்சு செய்வதும் அட்டவணை நிரப்புவதும் கணினிப் பாடமாயின. 2012 ஜனவரியில் ராயல் சொசைட்டி இந்நிலையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. 2014இல் இங்கிலாந்தின் பாடத்திட்டம் மாறியது. கேம்பிரிட்ஜில் கணினியியல் படிக்க விண்ணப்பிப்போர் குறைவதைக் கண்டு எபன் அப்டனும் நண்பர்களும் உருவாக்கிய ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அது மலிவு, ஆனால் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற முழு இயங்குதளம், ஒரு பெருங்கடல். 2016இல் பி.பி.சி. மறுபடியும் களமிறங்கி, பதினோரு, பன்னிரண்டு வயது மாணவர்களுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் மைக்ரோபிட் பலகைகளை இலவசமாகக் கொடுத்தது. 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவுணரி, திசைகாட்டி, 16 கிலோபைட் நினைவகம். 1981இன் அடிப்படை பி.பி.சி. மைக்ரோவிலும் இதே 16 கிலோபைட்தான். முப்பத்தைந்து ஆண்டு முன்னேற்றத்துக்குப் பிறகும் பள்ளிப் பிள்ளைக்கென்று வடிவமைத்தவர்கள் அதே அளவில் வந்து நின்றார்கள். பழமைக்காக யாரும் அங்கே போகவில்லை. ஒரு பிள்ளையின் மனம் முழுதாகச் சுற்றி வரக்கூடிய வீடு அவ்வளவு பெரிதாக இருந்தால் போதும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பழைய கணினிகளின் அந்தப் பொற்காலம் யாருக்குப் பொற்காலம்? அமெரிக்காவில் கணினியியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980களின் நடுவில் ஏறக்குறைய 37 விழுக்காட்டைத் தொட்டு, பிறகு இறங்கி, இந்த நூற்றாண்டில் அதில் பாதிக்கு வந்தது. இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று வீட்டுக் கணினியையே குற்றவாளியாக்குகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் நடத்திய ஆய்வில், வீட்டில் கணினி பையனின் அறைக்குப் போனதும், கல்லூரிக்கு வரும்போதே அவன் பல ஆண்டு முன்னால் நின்றதும் தெரியவந்தது. ஆகவே பழைய கணினியை அலமாரியில் வைத்து, ஆர்வமுள்ளவர் தொடட்டும் என்று விடுவது பழைய அநீதியையும் கூடவே கொண்டுவரும். ரோபோ இங்கே உதவுகிறது. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் மைக்கேல் ஹார்ன் குழு 2009இல் வெளியிட்ட சோதனையில், ஒரே ரோபோவை மரக்கட்டைகளை வரிசையாகக் கோத்தும், திரையில் சுட்டியால் இழுத்தும் இயக்கலாம். கட்டைகள் இருந்தபோது, குறிப்பாகப் பெண் பிள்ளைகள், கூடுதலாக முன்வந்து தொட்டார்கள். ஆனால் எழுதப்பட்ட நிரல்களின் தரத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் பாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கைக்கு அகப்படும் பொருள் வாசல் கதவைத் திறக்கிறது; உள்ளே வந்தவருக்குக் கற்பிப்பது வேறு வேலை.

அந்த வேறு வேலை என்ன என்பதை மூன்றாவது ஆட்சேபம் காட்டிக்கொடுக்கிறது. லோகோ படித்த பிள்ளை எதையும் திட்டமிட்டுச் செய்யும் என்று 1980களில் பெரிதாகப் பேசப்பட்டது. ராய் பீயும் மிடியன் கர்லண்டும் ஒரு பள்ளியாண்டு லோகோ பழகிய பிள்ளைகளிடம் வகுப்பறை வேலைகளைத் திட்டமிடும் பணியைக் கொடுத்துப் பார்த்தார்கள். லோகோவே அறியாத பிள்ளைகளைவிட அவர்கள் ஒன்றும் மேலாகச் செய்துவிடவில்லை. பலர் இதோடு கதை முடிந்தது என்றார்கள். ஆனால் 1988இல் டேவிட் கிளாரும் ஷெரன் கார்வரும் வேறு மாதிரி செய்தார்கள். பிழையைத் தேடும் முறையையே பாடமாக வைத்தார்கள்: எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, இரண்டுக்கும் என்ன வேறுபாடு, இப்படி ஒரு வேறுபாட்டை எந்த வகைத் தவறு உண்டாக்கும், அது நிரலில் எங்கே இருக்கக்கூடும். இப்படிப் பழகிய பிள்ளைகள், கணினியே இல்லாத இடத்திலும், யாரோ எழுதிய வழிக்குறிப்பில் உள்ள தவறைக் கண்டுபிடிப்பதில் தேறினார்கள். 2019இல் ரோனி ஷெரரும் சக ஆய்வாளர்களும் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோதும், நிரலாக்கத் திறனுக்கு மேல் பிற திறன்களிலும் பயன் தெரிந்தது. ஆனால் நெருங்கிய திறனில் கூடுதலாகவும் தொலைவான திறனில் குறைவாகவும். கருவி தானாக எதையும் கற்பிக்காது என்பதே இவை சேர்ந்து சொல்லும் பாடம். ரோபோவை வாங்கி வைத்துவிட்டு அறிவு வளரும் என்று காத்திருப்பது, வீணையை வாங்கி வைத்துவிட்டுப் பாட்டு வரும் என்று காத்திருப்பதுதான்.

செலவு பற்றிய கேள்வியையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். இந்தியா 1984இல் பள்ளிகளுக்கான தன் முதல் கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்துகொண்டது இதே பி.பி.சி. மைக்ரோவைத்தான், அன்று அது அரிய இறக்குமதித் தொழில்நுட்பம். இன்று அதைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் எந்தச் சாதாரணக் கணினியிலும் ஓடும். மைக்ரோபிட் போன்ற ஒரு பலகை, இரண்டு மோட்டார், ஒரு பேட்டரிப் பெட்டி சேர்த்தால் ஆமை தயார். பொருளைவிட அரிதானது, பிள்ளை தவறும்போது விடையைச் சொல்லிவிடாமல் மேற்கண்ட ஐந்து கேள்விகளைக் கேட்கும் ஆசிரியர்தான்.

கடைசி ஆட்சேபம் புதியது. தமிழில் கேட்டாலே செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதித் தந்துவிடுகிறது. இனி பிள்ளைகள் இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும்? சுவர் தெரிந்தால் நிற்க வேண்டும் என்று கேட்டால், விடுபட்ட "கொண்டே"வை அது தானே சேர்த்துத் தந்துவிடக்கூடும். அங்கேதான் சிக்கல். சொல்லாததையும் ஊகித்து நிரப்புகிற இயந்திரம், பீ சொன்ன அந்தப் பெரும்பிழையைப் பொய்யாக்குவதுபோல் தோன்றுகிறது. உள்ளே ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தைத் தினமும் உறுதிப்படுத்துகிறது. ஆனால் ஊகம் தவறிய இடத்தில், அது எழுதிய வரிகளை ஓட்டப்போகும் செயலி 6502 போலவே ஒன்றன்பின் ஒன்றாக, எழுதியதை மட்டுமே செய்யும். வரியைப் படித்து, இது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரியாதவர் அந்தத் தவறைச் சுவரில் மோதிய பிறகுதான் அறிவார். பேசுகிற இயந்திரத்தோடு பழகுவதற்கு முன்னால், உள்ளே நிச்சயமாக யாரும் இல்லாத இயந்திரம் ஒன்றோடு பிள்ளை பழகியிருப்பது நல்லது.

அதற்கு ஒரு சாக்குக்கட்டி போதும். பொத்தானை அழுத்தும் முன், ரோபோ எங்கே நிற்கும் என்று நினைக்கிறாயோ அங்கே தரையில் ஒரு கோடு போடு என்று சொல்ல வேண்டும். ரோபோ ஓடி நிற்கும். கோட்டுக்கும் ரோபோவுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தூரத்தில் கொஞ்சம் நிரலில் உள்ள தவறு, கொஞ்சம் சக்கரத்தின் வழுக்கல், கொஞ்சம் பிள்ளையின் எண்ணத்தில் இருந்த பிசகு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தொடங்கும் நாளில் பிள்ளை நிரல் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்லலாம்.